நாள்மாலை, கூழ், அட்டைத் தேர்: முன்பள்ளியில் ஓராண்டு

சென்ற ஆண்டு தைப்பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்த முதல் நாள், பாயில் வட்டமாக இருத்தி, "பொங்கல் எண்டால் என்ன?" என்று கேட்டேன். நான்கு வயது நிரம்பிய ஒரு பையன் சற்றும் யோசிக்காமல், "லீவு, ரீச்சர்" என்றான். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவன் சொன்னதில் பிழை இல்லை. அந்தப் பண்டிகைக்காக நாங்கள் செய்ததெல்லாம் ஒரு பானைப் படத்தைப் பிரதியெடுத்து நிறந்தீட்டக் கொடுத்ததும், ஒரு பாட்டைச் சொல்லிக் கொடுத்ததும், பின்னர் கேற்றைப் பூட்டி வீட்டுக்கு அனுப்பியதும்தான். சுவரில் பன்னிரண்டு பண்டிகைப் படங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. பிள்ளைகளுக்கு அவை எல்லாம் ஒரே மாதிரியானவை: கோட்டுக்கு வெளியே போகாமல் நிறந்தீட்ட வேண்டிய பொருட்கள்.

எங்கள் முன்பள்ளி யாழ்ப்பாணத்து நல்லூரிலிருந்து ஏறக்குறைய ஒரு கட்டை (மைல்) தூரத்தில் இருக்கிறது. இருபத்துமூன்று பிள்ளைகள், மூன்று வயது தொடங்கி ஐந்து வயதுக்குள். ஆசிரியைகள் இருவர். நானும் உடன் ஆசிரியையும் அந்த லீவுப் பதிலைப் பல நாள் பேசிப் பார்த்தோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு 'நாளைக்கு', 'நேற்று' என்ற சொற்களே இன்னும் நிலைகொள்ளாதபோது, பன்னிரண்டு மாதத்தில் ஒருமுறை வரும் நாளைப் படத்தில் காட்டி விளங்கப்படுத்த முடியாது. ஆனால் வீட்டில் அம்மா மாவறுக்கும் மணமும், அப்பா முற்றம் கூட்டும் சத்தமும் அதற்குத் தெரியும். ஆகவே பண்டிகை நாளைக் கற்பிப்பதை விட்டு, அதற்கு முந்திய நாட்களின் வேலையைக் கற்பிப்பது என்று தீர்மானித்தோம். அந்தத் தீர்மானம் ஓராண்டில் எங்கெங்கே உடைந்தது, எப்படி ஒட்டவைத்தோம் என்பதே இந்தப் பதிவு.

முதல் உடைவு, சொல்லப்போனால், உண்மையான உடைவுதான். பொங்கல் முடிந்துவிட்டாலும் பரவாயில்லை, ஒருமுறை கண்ணுக்கு முன்னால் பொங்கிக் காட்டுவோம் என்று தை மாதக் கடைசியில் முற்றத்தில் மூன்று கல் வைத்துப் புதுப்பானை ஏற்றினோம். கடையிலிருந்து அன்று காலையில்தான் வாங்கி வந்த பானை. பாளையும் பன்னாடையும் போட்டுத் தீயை ஏற்றியதும், பால் விட்ட சில நிமிடங்களில் அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடி, நீர் கசிந்து அடுப்பு சீறத் தொடங்கியது. "பானை ஒண்டுக்கு இருந்திட்டுது, ரீச்சர்" என்று ஒரு சிறுமி அறிவிக்க, வகுப்பே சிரிப்பில் உருண்டது. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தும் அவசரத்தில் மறந்துபோன சங்கதி இது: புதிய மண்பானையை ஒரு பகலும் ஓர் இரவும் நீரில் ஊறவைத்து, பிறகு கஞ்சித்தண்ணீர் விட்டு மெல்லிய தீயில் ஒருமுறை காய்ச்சிப் பழக்கியெடுத்த பின்னர்தான் பொங்க வேண்டும். காய்ந்த மண் திடீர்ச் சூட்டில் ஒரு பக்கம் மட்டும் விரிவதாலேயே வெடிக்கிறது.

பானை வெடித்ததைவிடப் பெரிய தவறு வேறொன்று. அடுப்பு மூட்டியதிலிருந்து எல்லாம் முடியும் வரை முக்கால் மணித்தியாலம் பிள்ளைகளைப் பாயில் இருத்தி வைத்திருந்தோம். புகை கண்ணைக் கடித்தது. மூன்று வயதுக்காரர் இருவர் அழுதார்கள். அருகில் வரக்கூடாது, தொடக்கூடாது, கிண்டக்கூடாது என்று நாங்கள் சொன்னவை யாவும் விலக்கல்கள். வேலை முழுவதும் பெரியவர்களுடையது. பிள்ளைகளுக்கு மிஞ்சியது வேடிக்கை மட்டுமே.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்தோம். இம்முறை பானையை உடன் ஆசிரியையின் வீட்டில் மூன்று நாள் முன்னரே தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டோம். பிள்ளைகளுக்கும் தனித்தனி வேலை கொடுத்தோம். முதல் நாள் அனைவரும் சுளகைச் சுற்றி இருந்து பச்சையரிசியில் கல் பொறுக்கினார்கள். பொறுக்கிய கல்லைச் சிரட்டையில் போட்டு எண்ணினோம், பதினேழு. மறுநாள் நிலம் கூட்டி, தண்ணீர் தெளித்து, உலக்கையால் கோலம் போட்டோம். இங்கே வீடுகளில் உலக்கையை நிலத்தில் கிடத்தி அதன்மேல் அரிசிமாவைத் தூவி எடுத்தால் இரு பக்கமும் வெள்ளை, நடுவில் உலக்கையின் வடிவம் என்று நேர்கோடு விழும். விரலிடுக்கில் மாவை ஒழுகவிட்டுக் கோலம் போட மூன்று வயதுக் கைக்கு வராது. ஆனால் தூவுவதும், உலக்கையைத் தூக்கும்போது வாயைப் பிளந்து பார்ப்பதும் எல்லோருக்கும் வரும். நான்கு கோடுகளால் ஒரு சதுரம் வந்தபோது, அதைத் தாங்களே வரைந்ததாக அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் பிழையும் இல்லை. மூன்றாம் நாள் அடுப்பைப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே மூட்டி, பால் பொங்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக மட்டும் அவர்களைக் கயிற்றுக்கு அப்பால் நிற்கவைத்தோம். சர்க்கரையும் வறுத்த பயறும் போடும் முறை வந்தபோது, ஒவ்வொருவரும் தத்தம் கிண்ணத்தைக் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்தார்கள். அன்று எவரும் அழவில்லை. கஜுவை மாத்திரம் தவிர்த்துவிட்டோம். பிள்ளைகளில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதைப் பெற்றோரிடம் எழுதி வாங்கும் வழக்கத்தை அதற்குப் பிறகுதான் தொடங்கினோம். முன்னரே செய்திருக்க வேண்டிய காரியம்.

இந்தப் பொங்கலின்போது இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். ஒரு சிறுவன் வேலையெல்லாம் செய்துவிட்டு, பொங்கல் பரிமாறும்போது தள்ளி நின்றான். "எங்கட வீட்டில இந்த முறை பொங்கேல்லை. அப்பம்மா செத்திட்டா" என்றான். மரணம் நிகழ்ந்த வீட்டில் ஆட்டைத் திவசம், அதாவது ஓராண்டு நினைவுத் திவசம், முடியும்வரை பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது இங்குள்ள வழக்கம். அதை நான் மறந்து, "உங்கட வீட்டிலும் பொங்கினீங்களா?" என்று வகுப்பில் ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறேன். அன்று மாலை தாயாருடன் பேசினேன். அவன் உண்பதில் அவருக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. 'கொண்டாடுகிறோம்' என்ற சொல்தான் உறுத்தியது. அன்று முதல் "வீட்டில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பதை நிறுத்தி, "உங்கள் வீட்டில் இதைச் செய்யத் தெரிந்தவர் யார்?" என்று கேட்கிறேன். அதற்கு அவனிடம் உடனே பதில் இருந்தது: அப்பம்மா.

நாட்களைக் கண்ணுக்குத் தெரியச் செய்வதற்கு ஒரு நாள்மாலை கட்டினோம். நிறத்தாள்களைக் கீலம் கீலமாக வெட்டி வளையமாக ஒட்டி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்த சங்கிலி. தினமும் காலை ஒரு வளையத்தைக் கிழிக்க வேண்டும். கடைசி வளையம் கிழியும் நாள் பண்டிகை. சொல்லும்போது எளிமையாகத்தான் இருக்கிறது. முதலில் பத்து வளையம் போட்டோம். நான்காம் நாளே யாரோ மூன்று வளையங்களைச் சேர்த்துக் கிழித்துவிட்டார்கள். விசாரித்தபோது, "கெதியா வரட்டும் எண்டு" என்ற விளக்கம் கிடைத்தது. சனி ஞாயிறு இன்னொரு சிக்கல். திங்கட்கிழமை வந்தபோது வெள்ளிக்கிழமை விட்ட இடத்திலேயே மாலை தொங்கிக்கொண்டிருந்தது. கணக்கு இரண்டு நாள் பின்னால் போய்விட்டது. ஆகவே வார இறுதி வளையங்களை வெள்ளைத் தாளில் செய்து, 'நாங்கள் வீட்டில் இருந்த நாட்கள்' என்று சொல்லித் திங்களன்று சேர்த்துக் கிழித்தோம். மாலையை எட்டாத உயரத்தில் கட்டி, கிழிப்பவருக்கு ஒரு முக்காலி வைத்தோம். மூன்று வயதுக்கு ஐந்து வளையத்துக்கு மேல் பொறுமை இல்லை என்பது என் கணிப்பு. நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் அந்தக் கணக்கை மீறினோம். அது பின்னால் வருகிறது.

ரமழான் நோன்பு ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாட்கள் முன்னால் நகர்ந்து வருவதால், எங்கள் திட்டத்தில் அது பொங்கலுக்கு அடுத்தபடியாக விழுந்தது. வகுப்பில் ஒரே ஒரு முஸ்லிம் பிள்ளை. அந்தக் குடும்பத்தின் மூத்தவர்கள் 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, நீண்ட காலம் புத்தளத்தில் இருந்து திரும்பியவர்கள். தாயாரிடம் நோன்புக்கஞ்சி பற்றிக் கேட்டபோது, தானே காய்ச்சித் தருவதாகச் சொல்லி, "மச்சம் போடாமல் காய்ச்சிறன் ரீச்சர், வெள்ளிக்கிழமை பிள்ளையளுக்குச் சரிவராது" என்று, இறைச்சி சேர்க்காமல் விடுவதையும் அவராகவே சொன்னார். பிள்ளைகள் செய்த வேலை உள்ளி உரித்ததும், ரம்பையைக் கழுவித் துண்டுதுண்டாகக் கிழித்ததும். கை முழுவதும் உள்ளி மணத்துடன் வீட்டுக்குப் போனார்கள். நோன்பு தொடங்குவதும் முடிவதும் பிறை தென்படுவதைப் பொறுத்தது என்று தாயார் சொன்னதைக் கேட்டு, ஒரு வாரம் முழுவதும் பகல் பத்து மணிக்கு வானத்தில் பிறை தேடினார்கள். பிறையை மாலையில்தான் பார்க்க வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை.

சித்திரை வருடப் பிறப்பை விரைவாகவே கடந்தோம். தலையில் வைத்து முழுகும் மருத்துநீர் கோயிலிலிருந்து வீட்டுக்கு வருவது. கைவிசேடக் காசு பெரியவர் கையால் சின்னவர் கைக்கு வருவது. இரண்டையும் முன்பள்ளிக்குள் நடித்துக் காட்டினால் பொம்மலாட்டம் ஆகிவிடும் என்று தோன்றியது. ஊஞ்சல் மட்டும் கட்டினோம்.

ஆடிப்பிறப்புதான் இந்த ஆண்டின் நடுமையம். ஜூலை நடுப்பகுதியில், பெரும்பாலும் 17ஆம் திகதி வருகிற இந்த நாளை நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளுக்காகவே பாடிவைத்துப் போனதனால், பாட்டு முதலில் வந்து கூழ் பின்னால் வரும் நிலைமை எங்கள் ஊரில் உண்டு. பாட்டைப் பாடத் தெரிந்த பல பிள்ளைகள் ஆடிக்கூழைச் சுவைத்ததே இல்லை. ஒடியற்கூழைத் தெரியும், அது வேறு. ஆகவே பாட்டைக் கடைசிக்குத் தள்ளினோம்.

முதல் நாள் மா. வறுத்த அரிசிமாவை அரிதட்டில் இட்டு அரிப்பது மூன்று வயதுக்குப் பொருந்திய வேலை. தட்டத் தட்ட மா விழுகிறது, கட்டி மேலே நிற்கிறது. பயறை நாங்கள் வறுத்தோம். அந்த மணம் அறை முழுக்கப் பரவியபோது, "எங்கட அம்மம்மா வீடு மணக்குது" என்று ஒரு பிள்ளை சொன்னது. பனங்கட்டியைக் குட்டானோடு வாங்கி வந்து, ஓலையைப் பிரிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டோம். பனையோலையில் பின்னிய அந்தச் சிறு குட்டானுக்குள் கறுப்பாக ஒரு கட்டி ஒளிந்திருப்பது அவர்களுக்குப் பரிசுப் பொதி போல. நான்கு குட்டான் பிரித்தோம். கையில் ஒட்டியதை நக்கியதில் அரைக் குட்டான் குறைந்திருக்கும்.

இரண்டாம் நாள் பிலாவிலை. கூழைக் கரண்டியால் குடிக்காமல் பிலாவிலையை மடித்து ஈர்க்குக் குத்தி அதனால் அள்ளிக் குடிப்பது பழைய முறை. இலையின் காம்புப் பக்கத்தைச் சுருட்டி, இரு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, விரலளவு ஈர்க்குத் துண்டால் குத்திவிட்டால் ஒரு குழி கிடைக்கும். எங்கள் முதல் இருபத்துமூன்று இலைகளும் ஒழுகின. முந்தின நாளே ஆய்ந்து வைத்ததால் வாடி, மடிப்பில் கீறிவிட்டன. பச்சையாக ஆய்ந்த சிலவற்றில் காம்பில் பால் வடிந்து கையில் ஒட்டியது. சோப்புப் போட்டாலும் போகாது, தேங்காயெண்ணெய் தடவித்தான் துடைத்தோம். அடுத்த நாள் காலையிலேயே ஆய்ந்து, காம்பை வெட்டிப் பால் வடியவிட்டு, ஈரத்துணியில் சுற்றி வைத்தபோது இலை இணங்கி மடிந்தது. ஈர்க்குக் குத்துவதை ஐந்து வயதை நெருங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்தோம். சின்னவர்கள் மடித்துப் பிடித்திருக்க, பெரியவர்கள் குத்தினார்கள். இருவர் சேர்ந்து ஓர் இலை என்ற இந்த ஏற்பாடு திட்டமிட்டு வந்ததன்று, ஈர்க்கின் கூர் கண்டு பயந்து வந்தது. ஆனால் ஆண்டு முழுவதும் நாங்கள் செய்த வேலைகளில் இதுவே மிகவும் அமைதியாக நடந்தது.

மூன்றாம் நாள் கூழும் கொழுக்கட்டையும். கூழுக்கு ஒன்றரைச் சுண்டு மா, அரைச் சுண்டு வறுத்த பயறு, ஒரு தேங்காயின் பால், மிஞ்சிய பனங்கட்டி, சிறிது சீரகம். மிளகைப் பாதியாகக் குறைத்தோம். மாவைக் கொதிநீரில் நேராகக் கொட்டினால் கட்டிபட்டுவிடும் என்பதால், குளிர்ந்த நீரில் கரைத்து, துழாவிக்கொண்டே ஊற்ற வேண்டும். அந்தக் கரைக்கும் வேலை பிள்ளைகளுடையது. முழங்கை வரை மா. தேங்காய்ச்சொட்டைச் சிறு துண்டுகளாகப் போடுவதே வழக்கம். ஆனால் மூன்று வயதுக்காரர் மெல்லாமல் விழுங்கிப் புரையேறக்கூடும் என்று அஞ்சி, பூவாகத் துருவிப் போட்டோம். பார்க்க வந்திருந்த ஓர் அம்மம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "சொட்டு இல்லாமல் என்ன கூழ் பிள்ளை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பெரியவர்களுக்குத் தனிச் சட்டியில் சொட்டுப் போட்டுக் கொடுத்துச் சமாதானப்படுத்தினோம்.

கொழுக்கட்டையில் எங்களுக்கு அதே அம்மம்மாதான் கைகொடுத்தார். உப்பிட்ட கொதிநீரைச் சிறிது சிறிதாக விட்டு அகப்பைக் காம்பால் குழைத்த மா, பிள்ளைகள் தொடக்கூடிய சூட்டுக்கு ஆறும்போது இறுகி, வட்டமாகத் தட்டினால் ஓரம் வெடிக்கிறது. சூடாக இருந்தால் கை சுடுகிறது, ஆறினால் வெடிக்கிறது. அம்மம்மா ஈரத்துணியைப் பிழிந்து மாவின்மேல் மூடிவிட்டு, சிறு உருண்டையாக ஒன்றொன்றாக எடுத்துக் கொடுத்தார். கை ஒட்டாமல் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு துளி எண்ணெய் வைத்தார். வெடித்த இடத்தில் ஈரவிரலால் ஒரு தடவு. பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்ந்த உள்ளீட்டைப் பிள்ளைகள் நிரப்பிய விதம் வேடிக்கை: ஒருவருடையதில் ஒரு சிட்டிகை, இன்னொருவருடையதில் மூட முடியாத அளவு. இரண்டாக மடித்து ஓரத்தை விரலால் நெருக்கி நெருக்கிப் பல்லுப்போல அமுக்க வேண்டும். நோன்புக்கஞ்சி கொண்டுவந்த தாயாரின் மகள், மடித்த கொழுக்கட்டையை உயர்த்திப் பிடித்து, "ரீச்சர், பிறை!" என்றாள். பகல் பத்து மணிக்கு வானத்தில் தேடிக் கிடைக்காத பிறை ஆடிமாதத்தில் அவள் கையில் கிடைத்திருக்கிறது. நான் எதையும் விளக்கப் போகவில்லை. அன்று எல்லோரும் பிறை செய்தார்கள். இடியப்பத் தட்டுகளில் அடுக்கிக் கால் மணித்தியாலம் அவித்தோம். யாருடையது எது என்று தெரியாமல் போய்ச் சண்டை வந்தது. அடுத்த முறை ஒவ்வொருவருக்கும் சிறு வாழையிலைத் துண்டில் அடையாளம் வெட்டி, அதன்மேல் வைத்து அவிக்க வேண்டும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா இருபத்தைந்து நாள். இருபத்துநான்காம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். கொடியேறியதும் ஊரே வேறு ஊராகிவிடுவதால், பிள்ளைகளிடம் அதைப் பற்றிச் சொல்லித்தர ஒன்றுமில்லை. அவர்களே வந்து சொல்வார்கள், அதிலும் பெரும்பகுதி கச்சான் கடையும் விளையாட்டுச் சாமான் கடையும். நாங்கள் செய்தது, கொடியேற்றத்தன்று 25 வளையத்தில் நாள்மாலை கட்டி, கூடவே ஒரு தேர் கட்டத் தொடங்கியது. கோயில் விளையாட்டு இங்கே பிள்ளைகளின் பழைய விளையாட்டு. நாங்கள் அதைச் சற்றுப் பெரிதாக்கினோம், அவ்வளவே.

தொலைக்காட்சி வந்த உயரமான அட்டைப்பெட்டி. அடியில் ஒரு பலகை. தென்னைக் குற்றியில் அரிந்த நான்கு வட்டச் சில்லுகள். ஒட்டுவதற்கு மாப்பசை காய்ச்சினோம். முதல் ஓட்டத்தில் தேர் நொண்டியது. சில்லுகளில் துளை நடுவில் விழவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பக்கம் எழுந்து தாழ்ந்தது. பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது, "தேர் ஆடுது" என்று ஆரவாரித்தார்கள். நான்காவது ஆட்டத்தில் தேர் முகங்குப்புற விழுந்தது. தச்சு வேலை செய்யும் ஒரு பிள்ளையின் தந்தையிடம் காட்டினேன். அவர் சில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "துளை ஒரு பிழை ரீச்சர், ஆனால் விழுந்தது கயிற்றால" என்றார். வடத்தைப் பெட்டியின் நடுவுயரத்தில் கட்டியிருந்தோம். இழுக்க இழுக்க மேற்பகுதி முன்னே சாய்ந்திருக்கிறது. அவர் துளைகளை நூல் பிடித்து நடுப்பார்த்துத் துளைத்து, வடத்தை அடிப்பலகையில் பூட்டி, பெட்டிக்குள் அடியில் இரண்டு செங்கல் வைத்தார். அதற்குப் பிறகு பிள்ளைகள் எவ்வளவு இழுத்தும் தேர் விழவில்லை. தும்புக் கயிறு கையை உரசியதால், பழைய நூல்சேலைகள் மூன்றைப் பின்னி வடமாக்கினோம்.

யார் எந்த வேலை என்று பிரித்தபோது, எல்லோரும் வடம் பிடிக்கத்தான் ஆசைப்படுவார்கள் என்று எண்ணினேன். இல்லை. அவர்களில் பலர் தேரோட்டத்தைத் தந்தையின் தோளிலிருந்து பார்த்திருக்கிறார்கள், சில்லின் கீழே கட்டை போட்டு அத்தனை பெரிய தேரை நிறுத்துகிற ஆளையும் கண்டிருக்கிறார்கள். முட்டுக்கட்டை போடுவதற்கு ஏழு பேர் போட்டியிட்டார்கள். சில்லுக்கும் விரலுக்கும் இடையே நடக்கக்கூடியதை நினைத்து, கட்டைக்குப் பதில் நீண்ட கைப்பிடி போட்ட ஓர் ஆப்பு செய்து கொடுத்தோம். தேருக்குள் சாமிப் படம் வைக்கவில்லை. வகுப்பில் இரண்டு கத்தோலிக்கப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரின் தாயார், தேர் கட்டுவதைப் பற்றித் தயக்கத்துடன் கேட்டிருந்தார். கும்பிடுவது வீட்டிலும் கோயிலிலும். கட்டுவதும் சமைப்பதும் பகிர்வதும் இங்கே என்று அவருக்குச் சொன்ன பதில் பிறகு எங்கள் எல்லோருக்குமான வழக்கமாகிவிட்டது. பூவும் ஒரு குத்துவிளக்குப் படமும் தேரில் போயின. பிறகு யாரோ தன் கரடிப் பொம்மையை ஏற்றிவிட்டார்கள். அதை இறக்கச் சொல்லவில்லை.

நவராத்திரியில் விஜயதசமிக்கு ஒரு வாரம் முன்னதாகவே தாம்பாளத்தில் அரிசி பரப்பி விரலால் கீறி விளையாட விட்டோம். ஏடு தொடக்கலன்று ஐயரின் மடியில் இருந்து அரிசியில் எழுதும்போது வழக்கமாக எழும் அழுகை இம்முறை குறைந்தது. அதைத் தவிர இங்கே சொல்ல அதிகமில்லை.

கார்த்திகை விளக்கீட்டில் நான் தோற்றேன் என்றே சொல்ல வேண்டும். வாசலில் வாழைக்குற்றி நட்டு, சிட்டிகள் என்னும் சிறு மண்விளக்குகள் ஏற்றுவது மாலையில் நடக்கும் காரியம். முன்பள்ளியோ நண்பகலில் முடிகிறது. பகலில் ஏற்றிய விளக்கைப் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யன்னல்களுக்குக் கறுப்புத்துணி கட்டி அறையை இருட்டாக்கினோம். சின்னவர்கள் இருட்டுக்குப் பயந்து கத்தினார்கள். அடுத்த முறை பிள்ளைகள் களிமண்ணில் சிட்டி செய்து, திரி திரித்து, வீட்டுக்குக் கொண்டுபோவதுடன் நிறுத்த வேண்டும். ஏற்றுவது வீட்டாரின் வேலை.

நத்தாரில் ஒரு பாட்டனார் உதவினார். கரையோரத்தில் கடற்றொழில் செய்பவர். வைக்கோலும் பழைய வலைத்துண்டும் கொண்டுவந்து பிள்ளைகளுடன் பாலன் குடில் கட்டினார். மாடு, ஆடு, இடையர் எல்லாம் களிமண்ணில் பிள்ளைகள் செய்தவை. மாட்டின் கொம்பு ஒவ்வொரு நாளும் உடைந்தது, ஒவ்வொரு நாளும் ஒட்டினோம். தொட்டில் மட்டும் வெறுமையாக இருந்தது. "பாலன் எங்க?" என்று கேட்டதற்கு, 24ஆம் திகதி இரவுதான் வைப்போம் என்றார் அவர். பிள்ளைகளுக்கு இது பொறுக்கவில்லை. தொட்டிலில் யாரோ கரடிப் பொம்மையைப் படுக்க வைத்திருந்தார்கள்; மறுநாள் பாட்டனார் அதைக் கண்டு, ஒன்றும் சொல்லாமல் ஒரு வைக்கோல் துண்டால் அதன் வயிற்றை மூடிவிட்டார். விடுமுறை தொடங்கும் நாளன்று, கடைசிச் சில வளையங்களுடன் நாள்மாலையைக் கத்தோலிக்கப் பிள்ளைகள் இருவர் வீட்டுக்கும் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்தோம்.

தையில் அலுமாரியைத் திறந்தபோது தேரின் மேற்பகுதியைக் கரப்பானும் எலியும் தின்றிருந்தன. மாப்பசையின் வேலை அது. பழைய காலத்தில் பூச்சி அரிக்காதிருக்க மாப்பசையில் துருசு கலப்பார்கள். நஞ்சு என்பதால் சின்னப்பிள்ளைகள் கை வைக்கும் பொருளில் அதைக் கலக்க முடியாது. ஆகவே வைத்தெடுக்க வேண்டிய எதையும் இனிக் கடைப்பசையால் ஒட்டுவதென்றும், மாப்பசையை அன்றன்று எறியும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதென்றும் முடிவு. சில்லுகளும் அடிப்பலகையும் செங்கல்லும் நலம். பொங்கலுக்கான புதுப்பானை நேற்றுத் தொட்டியில் போடப்பட்டது. கேற்றடியில் அழுதுகொண்டு நிற்கும் புதிய பிள்ளைகளைச் சமாதானப்படுத்த, சென்ற ஆண்டு 'லீவு' என்று சொன்ன பையன் அவர்களைத் தொட்டியடிக்குக் கூட்டிச் சென்று, "தொடாதே, பானை குளிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.